சிஸ்டரம்மா ஏறின வண்டி

அந்தம்மா ஒரு கதவைச் சாத்தறதை நீங்க பாத்திருக்கணும்.

வலது கை கைப்பிடியில. இடது உள்ளங்கை கதவு மேல. தோள்ல தூங்கிப்போன குழந்தையைப் பாயில இறக்கறாப்பல கதவைக் கொண்டுபோய் நிலையில சேர்ப்பாங்க. சேர்த்ததும் கையை எடுத்துடமாட்டாங்க. ஒரு மூச்சு நிப்பாங்க. அப்புறம் விரல் ஒண்ணொண்ணா விலகும். எங்க வீட்டு இரும்பு கேட்டை நான் திறந்தா தெருக்கோடியில நாய் எழுந்து உக்காரும். அதே கேட்டு அவங்க கை பட்டா வாயை மூடிக்கினு போகும், வரும்.

"எதுக்கு சிஸ்டரம்மா இவ்ளோ மெல்ல?"ன்னு ஒருநாள் கேட்டுட்டேன்.

"உள்ள யாராச்சும் தூங்கிக்கினு இருப்பாங்க, கண்ணு."

அன்னிக்கு எங்க வீட்டுல ஈ காக்கா கிடையாது. நானும் அவங்களும் தெருவுல நின்னுக்கினு இருந்தோம். உள்ள காலி வீடு. ஆனா அவங்களுக்கு அப்படித்தான். ஃப்ரிட்ஜை மூடினாலும், பீரோவை மூடினாலும், டிபன் பாக்ஸை மூடினாலும் உள்ள யாரோ தூங்கறாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேர்ந்து வந்து பைபிளைப் பையில வெச்சு ஜிப்பை இழுக்கறதைப் பாத்தா, எனக்கே குரல் தானா தணிஞ்சு போகும்.

அவங்க பேரை நான் எழுதப்போறதில்ல. எழுதினா கோச்சுக்குவாங்க. கோவமும் சத்தமில்லாத கோவம், அதைத் தாங்கறது ரொம்பக் கஷ்டம். புத்தூர்ல எங்க வீட்டு மாடியில குடியிருந்தாங்க. சொந்த ஊர் சித்தூர், அங்க பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு நான் கேட்டதில்ல, அதைக் கேக்கத்தான் ஊரே இருக்கே! திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில, மாசம் நிறையாம பிறக்கற குழந்தைங்களை வெச்சிருக்கற வார்டுல நர்ஸு, சிஸ்டர். எங்க தெருவுக்கே சிஸ்டரம்மா.

நான் அவங்களுக்கு நேர் எதிர். நான் பிறந்த நாகலாபுரத்துல எங்கப்பாவுக்கு, நைனான்னுதான் கூப்பிடுவோம், காது சுத்தமா கேக்காது. கத்திக் கத்தியே வளந்தவ நான். "நைனா, சோறு துன்ன வா"ன்னு நான் கூப்பிட்டா கோயில் வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. எல்லாரும் சேந்து பேசிக்கினு இருக்கறப்போ நைனாவுக்கு ஒண்ணும் விளங்காது. ஆனா எல்லாரும் சிரிச்சா அவரும் சிரிப்பாரு. என்னன்னே தெரியாம, ஒரு நொடி பிந்தி சிரிப்பாரு.

இதை ஏன் சொல்றேன்னா, எனக்குப் பையன் பிறந்தப்போ என் பயமெல்லாம் அங்கதான் போய் நின்னுச்சு.

பையன் அவசரக்காரன். ஏழு மாசம் முடியறதுக்குள்ள வந்துட்டான். என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவனை அனுப்பல. கண்ணாடிப் பொட்டிக்குள்ள, நீல வெளிச்சத்துக்குக் கீழ, கண்ணை வெள்ளைத் துணியால கட்டிப் படுக்கவெச்சிருந்தாங்க. மஞ்சக் காமாலைக்கு அந்த வெளிச்சம். ஒரு உள்ளங்கையில அடங்கற உடம்பு அந்த நீலத்துல மிதக்கறாப்பல இருக்கும். வெளியில சித்திரை வெயில் கொளுத்தும். உள்ள வந்தா நேரமே கிடையாது, காலையா சாயங்காலமான்னு தெரியாது. மிஷின் மட்டும் மெல்லச் சொட்டு விடறாப்பல சத்தம் கொடுத்துக்கினே இருக்கும்.

அங்கதான் சிஸ்டரம்மாவை நான் சரியாப் பாத்தேன். மாடிப்படியில ஏறி இறங்கற சிஸ்டரம்மா வேற, இவங்க வேற. தண்ணிக்குள்ள நடக்கறவங்களாட்டம் நடப்பாங்க. பொட்டியோட பக்கத்துல ரெண்டு வட்டக் கதவு இருக்கும், கை நுழையற அளவு. அதைத் திறக்கறதும் தெரியாது, மூடறதும் தெரியாது. உள்ள போன அந்த ரெண்டு கையும் அவனைத் தொட்டதும், குறுக்கும் நெடுக்கும் உதைச்சுக்கினு இருந்த காலு ரெண்டும் அடங்கும்.

"நமக்கு இது டப்புன்னு ஒரு சத்தம். அவங்களுக்கு இடி"ன்னாங்க. "நான் புதுசா டூட்டிக்கு வந்தப்போ ஒரு ட்ரே கை தவறி விழுந்துச்சு. ஒரு பாப்பா மூச்சை மறந்துடுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"பாதத்தைத் தட்டினோம். ஞாபகம் வந்துச்சு. திரும்ப மூச்சு விட்டா."

அவ்வளவுதான் சொன்னாங்க. கையை மட்டும் ஒரு தடவை திருப்பிப் பாத்துக்கினாங்க.

ரெண்டாவது வாரம் பையனுக்கு ரத்தத்துல கிருமின்னாங்க. டாக்டர் எதையும் மறைக்காம சொல்லிட்டாரு. "பலமான மருந்து கொடுக்கறோம்மா. உசிரைக் காப்பாத்தும். ஆனா காதைப் பாதிக்கலாம். வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மிஷின் வெச்சு டெஸ்ட் பண்ணுவோம்." எனக்கு நாகலாபுரமும் நைனாவோட சிரிப்பும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. பிழைக்கணும், கேக்கணும். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்னு ஏழுமலையானையும் வேண்டிக்கினேன், சிஸ்டரம்மாவோட ஏசுவையும் வேண்டிக்கினேன்.

அந்த வார்டுல காலையில ஒரு மணி நேரந்தான் அம்மாக்களை உள்ள விடுவாங்க. குழந்தையை வெறும் மார்பு மேல போட்டு, துணியால சுத்திக்கினு, சாஞ்சு உக்காரணும். அம்மா சூட்டுலதான் எடை ஏறும்னு சொல்லுவாங்க. அந்த நேரத்தைத் தவற விட்டா அடுத்த நாள்தான். வீட்டுக்காரருக்கு சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில ஷிப்ட், லீவு கிடையாது. அதனால நானே வண்டியை எடுத்தேன். புள்ள பெத்த பொம்பளை ஸ்டியரிங் பிடிக்கறாளேன்னு தெருவே பாத்துச்சு. பாக்கட்டும். முன் சீட்டுல எங்க மாமனார், மடியில நான் பீச்சின பால் பாட்டிலும் ஐஸும் வெச்ச டப்பாவோட. டப்பாவை அவர் கட்டிப்பிடிச்சுக்கினு வர்றதைப் பாத்தா உள்ளாற உற்சவர் இருக்காருன்னு நினைப்பீங்க. பின் சீட்டுல, பகல் டூட்டி இருக்கற வாரமெல்லாம், சிஸ்டரம்மா. வேளாவேளைக்குப் பால் பீச்சிக் கொடுத்துக்கினு சாயங்காலம் வரைக்கும் அங்கயே வராண்டாவுல காத்திருந்து, அவங்களையும் ஏத்திக்கினு திரும்புவோம்.

வடமாலப்பேட்டை தாண்டினா மலை தெரியும். விடியக்காலையில புகை மாதிரி இருக்கற மலை, கிட்டப் போகப் போகத்தான் கல்லாகும். சிஸ்டரம்மா ஜன்னல்ல தலை சாய்ச்சு வாய்க்குள்ளயே ஏதோ பாட்டு பாடிக்கினு வருவாங்க, உதடு மட்டும் அசையும். திருச்சானூர் கிட்ட ஷேர் ஆட்டோக்காரங்க குறுக்கப் புகுந்து என் வாயிலேர்ந்து நல்ல நல்ல வார்த்தையெல்லாம் வரவழைச்ச அப்புறந்தான் அந்த மயக்கம் கலையும்.

இந்த லட்சணத்துல வண்டி சாக ஆரம்பிச்சுது.

பழைய வண்டி. முன்னாடி திருப்பதியில டாக்ஸியா ஓடினது. ஓட்டினவன் ரசிகன், சீட்டுக்கடியில சுத்தி நீல பல்பு வரிசையா போட்டிருந்தான். கதவைத் திறந்தா எரியும், மூடினா அணையும். சாமி பாக்க வர்றவங்க ஏறும்போது கல்யாண மண்டபத்துக்குள்ள வர்றாப்பல இருக்கணும்னு நினைச்சான் போல. நாங்க அதைக் கழட்டல.

ஒருநாள் காலையில சாவியைத் திருப்பினா டிக் டிக் டிக். அவ்வளவுதான். பேட்டரி டவுன். தெருவுல நாலு பேரு தள்ளினாங்க, உருமிக்கினு கிளம்பிச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே டிக் டிக். அன்னிக்குத் தள்ளியும் பிரயோஜனம் இல்ல. பஸ்ஸைப் பிடிச்சு நான் வார்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. கண்ணாடிக்கு வெளியில நின்னு அழுதேன். உள்ள நீல வெளிச்சத்துல அவன் பாட்டுக்குப் படுத்துக்கினு இருந்தான், நான் வரலைன்னு கூடத் தெரியாம.

ரயில்வே கேட்டு கிட்ட ஒரு மெக்கானிக். தெலுங்குலயும் தமிழ்லயும் மாத்தி மாத்திப் பேசுவாரு. முதல்ல பேட்டரி டெர்மினல்ல பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினாரு. "இங்க்க பரவாலேது மேடம், இனிமே ராஜா மாதிரி போகும்." மூணாம் நாள் ராஜா படுத்துட்டாரு. அப்புறம் பேட்டரியே போச்சுன்னு புதுசு மாட்டினாரு. புதுசும் படுத்துச்சு. சார்ஜ் ஏத்தற டைனமோவைக் கழட்டிப் பாத்தாரு, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியா, நிறுத்தின வண்டியில எதுவோ கரண்டைக் குடிக்குதுன்னு முடிவு பண்ணி, பேட்டரி ஒயருக்கு நடுவுல சின்ன லைட்டு ஒண்ணை வெச்சாரு. ஏதாச்சும் குடிச்சா அது எரியணும். கதவையெல்லாம் டமால் டமால்னு சாத்திட்டு குனிஞ்சு பாத்தாரு. எரியல. ஒரு ராத்திரி ஷெட்டுலயே விட்டுட்டு வந்தோம். காலையில தொட்டதும் கிளம்பிச்சு.

"மா ஷெட்டுல சாகல, மீ இண்ட்டுல சாகுது" – எங்க ஷெட்டுல சாகல, உங்க வீட்டுலதான் சாகுதுன்னு கையை விரிச்சுட்டாரு. "வீட்டுல ஏமன்னா பூஜை... ஏதாச்சும் பூஜை செய்யுங்க மேடம்."

நல்லா வந்துச்சு எனக்கு வாயில!

ஆனா மெக்கானிக் போட்ட அந்த விதை எங்க மாமனார் மண்டையில முளைச்சிடுச்சு. நகரியில தறி ஓட்டி ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுஷன், என்னை ஒரு வார்த்தை சுடுசொல் சொன்னதில்ல. ஆனா ராகு காலம், சகுனம், ராசின்னு வந்துட்டா அவர்கிட்ட யாரும் பேச முடியாது. சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சாரு. பூசணிக்காய் சுத்தினாரு. அப்புறம் ஒரு மத்தியானம் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு.

"ஏம்மா, ஒண்ணு கவனிச்சியா? அந்தம்மாவுக்கு நைட் டூட்டி இருந்த வாரம் வண்டி ஒருநாளாச்சும் நின்னுச்சா?"

யோசிச்சேன். நிக்கல.

"அவங்க நம்மகூட வந்து இறங்கினா, மறுநாளோ அதுக்கடுத்த நாளோ டிக் டிக். நான் தப்பாச் சொல்லல. நல்லவங்கதான். ஆனா ராசின்னு ஒண்ணு இருக்குதும்மா. குழந்தை விஷயம். சும்மா விளையாடக் கூடாது."

"மாமா, அந்தக் குழந்தையே அவங்க கையிலதான் இருக்குது! அது தெரியலையா உங்களுக்கு?"

நான் கத்தினது மாடிக்குக் கேட்டிருக்கும். என் குரல்தான் அந்தக் குரலாச்சே. மறுநாள் காலையில வண்டி கிட்ட போனா சிஸ்டரம்மா இல்ல. கேட்டு மூடியிருந்துச்சு, எப்போ போனாங்கன்னே தெரியல. பஸ்ஸுல போய்ட்டாங்க. வார்டுல பாத்தப்போ ஒண்ணும் நடக்காத மாதிரி பையனை எடுத்து என் மார்புல வெச்சாங்க. "இன்னிக்கு நல்லா மூச்சு விடறான் பாரு"ன்னாங்க. எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்க முடியல.

இதுல கொடுமை என்னன்னா, அவங்க பஸ்ஸுல போன அத்தனை நாளும் வண்டி ஒரே திருப்புல கிளம்பிச்சு. மாமனார் டப்பாவைக் கட்டிக்கினு நேரா ரோட்டைப் பாத்துக்கினு வருவாரு. அந்தப் பார்வையே எனக்கு எரிச்சல். ஒருநாள் மழை பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அவங்க முக்காடு போட்டுக்கினு பஸ்ஸுக்கு நிக்கறாங்க. நான் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்க் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

"வேணாம் கண்ணு. நாளைக்கு உனக்கு வண்டி வேணும்."

"வண்டி செத்தா சாகட்டும். நான் நடந்தாவது வருவேன். இப்போ ஏறப்போறீங்களா, நடுரோட்டுல நான் கத்தட்டா?"

ஏறினாங்க. மறுநாள் வண்டி செத்துடுச்சு.

ஐயோ, அன்னிக்கு நான் பட்ட வேதனை! கோவம் யார் மேலன்னே தெரியல. மாமனார் ஜெயிச்சுட்டாரேன்னு ஒரு பக்கம். நிஜமாவே ராசிதானோன்னு ஒரு கெட்ட நினைப்பு வந்து காதுகிட்ட ஊதுது, அதை அடிச்சு விரட்டறது ஒரு பக்கம். பக்கத்து வீட்டு வண்டியிலேர்ந்து கேபிள் போட்டுக் கிளப்பிக்கினு திருப்பதி போனேன். அன்னிக்கும் திரும்பி வரும்போது அவங்களை வம்படியா ஏத்திக்கினு வந்தேன். என்னதான் ஆகுதுன்னு பாத்தே தீர்றதுன்னு.

வீட்டு வாசல். இன்னும் வெயில் இருந்துச்சு. நான் ஸ்டியரிங்கை விட்டு எழுந்திரிக்கல, கண்ணாடியில பின்னாடி பாத்துக்கினே இருந்தேன். சிஸ்டரம்மா இறங்கினாங்க. பையை எடுத்தாங்க. வலது கை கைப்பிடியில. இடது உள்ளங்கை கதவு மேல. கொண்டுவந்து, சேர்த்து, ஒரு மூச்சு நின்னு, விரலை எடுத்தாங்க. 'க்ளிக்'னு கூடச் சொல்ல முடியாது, எறும்பு நடந்தாப்பல ஒரு சத்தம். படியேறிப் போய்ட்டாங்க.

எப்பவும் போல மாமனார் தார்ப்பாயை எடுத்துக்கினு வந்து வண்டியை மூடினாரு. மலையிலேர்ந்து குரங்கு இறங்கி வைப்பரைப் பிடுங்கும், அதுக்காக இருட்டறதுக்கு முன்னாடியே மூடி கயிறு போட்டுடுவாரு. அவர் உள்ள போனதும் நான் கயித்தை அவுத்துத் தார்ப்பாயைத் தூக்கிக்கினு தலையை விட்டேன்.

உள்ள பூரா நீலம்.

சீட்டுக்கடியிலேர்ந்து, கண்ணாடி வழியா, நீலம் வழிஞ்சுக்கினு இருந்துச்சு. வெளியில வெயில். தார்ப்பாய்க்குள்ள அந்த வார்டு. ஒரு நிமிஷம் எனக்கு எங்க இருக்கேன்னு தெரியல. பின் கதவைத் தொட்டேன், ஆடிச்சு. பாதிதான் பிடிச்சிருந்துச்சு. அந்தக் கதவு முழுசாச் சாத்திக்க ஒரு அடி வேணும், அந்த அடியை அந்தம்மா கொடுக்கமாட்டாங்க. ராவெல்லாம் இந்த நீல பல்பு எரிஞ்சு எரிஞ்சு பேட்டரியைக் குடிச்சிருக்குது. ஆஸ்பத்திரியில அவங்க இறங்கற கதவை வாட்ச்மேன் ஓங்கிச் சாத்திடுவான், அதனால அங்க தப்பிச்சுது. அப்படியே அரைக்கதவோட நான் அவங்களை ஹைவேல ஏத்திக்கினு போயிருக்கேன்!

கதவைத் திறந்து பின் சீட்டுல உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. காலைச் சுத்தி அந்த வெளிச்சம். உள்ள யாரோ தூங்கறாங்கன்னு அவங்க சொன்னது எனக்கு அப்போதான் புரிஞ்சுது. அவங்களுக்கு வார்டுக்கு வெளியில ஒரு இடமே கிடையாது. எந்தக் கதவுக்குப் பின்னாடியும் என் பையனை மாதிரி ஒருத்தன் மூச்சை ஞாபகம் வெச்சுக்கப் பாடுபட்டுக்கினு படுத்திருக்கான். அந்தக் கையைப் போய், ஓங்கிச் சாத்துங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சிரிப்பு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

மாமனாரைக் கூட்டிக்கினு வந்து தார்ப்பாய்க்குள்ள தலையை விடச் சொன்னேன். ரொம்ப நேரம் வெளியில எடுக்கல. எடுத்தப்போ மனுஷன் மூஞ்சி சுண்டிப் போயிருந்துச்சு.

"கதவா?"

"கதவுதான் மாமா. உங்க ராகு இல்ல."

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே படிக்குக் கீழ நின்னுக்கினு இருந்தாரு. சிஸ்டரம்மா இறங்கி வந்ததும் பின் கதவை அவரே திறந்து பிடிச்சாரு. "ஏறும்மா. நீ வர்றதா இருந்தாத்தான் நான் டப்பாவைத் தூக்குவேன்." மன்னிப்புன்னு வாயால கேக்கல, அது அவருக்கு வராது. சிஸ்டரம்மா "ஸ்தோத்திரம் அண்ணா"ன்னு சொல்லிட்டு ஏறிக்கினாங்க.

அதுக்கப்புறம் இது எங்க வீட்டு வழக்கமாச்சு. காலையில அவங்க ஏறினதும் ஒரு தடவை, சாயங்காலம் அவங்க படியேறின பிறகு ஒரு தடவை, மாமனார் பின் கதவைத் திறந்து டமால்னு சாத்துவாரு. வண்டி அப்புறம் ஒருநாளும் சாகல. அவங்ககிட்ட நாங்க சொல்லிக்கல. ஆனா காது அவங்களுக்குப் பாம்புக் காது.

"அண்ணா, நான் சாத்தின கதவை நீங்க திரும்பச் சாத்தறீங்க இல்ல?"

"இல்லம்மா... குரங்கு வந்து திறக்குது, அதான்..."

நான் பக்குனு சிரிச்சுட்டேன். அப்புறம் மறைக்க முடியல, எல்லாத்தையும் சொன்னேன். அவங்க சத்தமில்லாம சிரிச்சாங்க, தோள் மட்டும் குலுங்கிச்சு. பிறகு சிரிப்பு போய், "உன் ஒரு மணி நேரத்தையா நான் கெடுத்தேன்?"னு கேட்டாங்க. கண்ணுல தண்ணி. அன்னிக்கு சாயங்காலம் தானே ஓங்கிச் சாத்தறேன்னு நின்னாங்க. கையைப் பின்னாடி கொண்டுபோய் வேகமாத்தான் தள்ளினாங்க. பாதி வழியில அந்தக் கை தானா மெல்லமாகி, கதவைத் தடவிக் கொண்டுபோய்ச் சேர்த்துச்சு. ரெண்டாவது தடவையும் அப்படியே.

"முடியல கண்ணு. கை கேக்கமாட்டேங்குது."

"விடுங்க சிஸ்டரம்மா. மாமா எதுக்கு இருக்காரு?"

பையன் தேறினான். தராசுல வெச்சா முள்ளு அசையற எடை வந்துச்சு. நீல வெளிச்சத்தை எடுத்துட்டாங்க, கண்ணுக் கட்டை அவுத்துட்டாங்க, மூக்குல இருந்த ட்யூபை எடுத்துட்டாங்க. வீட்டுக்குப் போகலாம்னு சொன்ன அன்னிக்கு, காதுல சின்னதா ஒரு குழாயை வெச்சு அந்த டெஸ்டைப் பண்ணினாங்க. வலது காது, இடது காது. டெஸ்ட் பண்ணின பொண்ணு மறுபடியும் வெச்சுப் பாத்துச்சு. எனக்கு அப்போவே தெரிஞ்சுபோச்சு.

"ரெண்டு காதுலயும் சிக்னல் வரல மேடம். சில குழந்தைங்களுக்கு முதல் தடவை வராது. அடுத்த மாசம் கூட்டிக்கினு வாங்க."

வீட்டுக்குத் திரும்பினோம். அன்னிக்கு வீட்டுக்காரர் லீவு போட்டு ஓட்டினாரு. மாமனார் முன்னாடி, டப்பா இல்லாத வெறும் மடியோட. பின்னாடி நானும் சிஸ்டரம்மாவும். பையன் என் மடியில தூங்கினான். லாரி ஹாரன் அடிச்சுக்கினு கடந்து போகுது, அசையல. ரேணிகுண்டா ரோட்டுல ரயில் கூவுது, அசையல. தூக்கமா, கேக்கலையா? ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் அவன் இமையையே பாத்துக்கினு வந்தேன். ரேடியோவைப் போடவான்னு வீட்டுக்காரர் கேட்டாரு. வேணாம்னு கையைக் காட்டினேன். மனசுல நாகலாபுரம் வீட்டுக் கூடத்துல ஒரு சின்னப் பையன் உக்காந்து, எல்லாரும் சிரிச்சப்புறம் சிரிச்சுக்கினு இருந்தான். சிஸ்டரம்மா என் கையைப் பிடிச்சிருந்தாங்க. அவங்க உதடு அன்னிக்கு அசையவே இல்ல.

வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சு. சிஸ்டரம்மா முதல்ல இறங்கி, சுத்தி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாங்க. நான் பையனை மார்போட சேத்துக்கினு இறங்கினேன். ரெண்டடி எடுத்து வெச்சுத் திரும்பிப் பாத்தேன். அவங்க நகரல. கை கதவு மேல இருந்துச்சு. என் மூஞ்சியைப் பாத்தாங்க, என் தோள்ல தூங்கறவனைப் பாத்தாங்க. அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கினாங்க.

டமால்!

வண்டியே குலுங்கிச்சு. வேப்பமரத்துக் காக்காயெல்லாம் ஒண்ணா எழும்பிச்சு. என் மார்புல இருந்தவன் துள்ளி, ரெண்டு கையையும் ஆகாசத்துக்கு விரிச்சு, பத்து விரலும் தனித்தனியா நடுங்க, மூஞ்சி செவந்து, வீல்னு ஒரு கத்து கத்தினான் பாருங்க! அப்படியே என் குரல்.

"சிஸ்டரம்மா!"ன்னு நானும் கத்திட்டேன். கத்தின அப்புறந்தான் எனக்கு உறைச்சுது.

அவங்க வண்டி மேல சாஞ்சு நின்னுக்கினு இருந்தாங்க. "கேக்குது"ன்னாங்க. "கேக்குது கண்ணு. அவனுக்குக் கேக்குது." முதல் தடவையா அவங்க வாய்விட்டு அழறதை நான் கேட்டேன். வீட்டுக்காரர் கண்ணைத் துடைச்சுக்கினாரு. மாமனாருக்கு ஆசை தீரல.

"இன்னொரு தடவை சாத்தும்மா, நல்லாக் கேட்டுடலாம்."

"போதும் அண்ணா, பயந்துட்டான்." ஓடி வந்து ரெண்டு உள்ளங்கையாலயும் அவன் காது ரெண்டையும் பொத்திக்கினாங்க. "மன்னிச்சுக்கோ ராஜா. மன்னிச்சுக்கோ. இனிமே சத்தமே போடமாட்டேன்."

அடுத்த மாசம் மிஷினும் ஒத்துக்கிச்சு, அது வேற விஷயம். அன்னிக்கு அவன் அழுகையை நிறுத்தவே இல்ல. பொழுது சாயறவரைக்கும் அழுதான். வீட்டுல நாலு பேரு இருந்தோம், யாரும் அவனைச் சமாதானப்படுத்தல.